ஷெட்டுக்கு எதுக்குங்க அனுமதி?

உங்கள் வீட்டுக்குப் பின்னால் சும்மா கிடக்கிற இடத்தைப் பார்த்து, "இங்கே நாலு பைப்பை நட்டு, மேலே தகரத்தைப் போட்டால் ஒரு ஷெட் ஆச்சே!" என்று என்றைக்காவது உங்களுக்குத் தோன்றியிருக்கிறதா? தோன்றியிருந்தால் நீங்கள் நம்ம ஆள். அந்தத் தகரத்துக்கும் அனுமதி வாங்க வேண்டும் என்று யாரோ சொல்லி, அன்றைக்குச் சாப்பாடு இறங்காமல் போயிருந்தால் நீங்கள் ரொம்பவே நம்ம ஆள்.

நான் ஏற்காட்டில் ஒரு என்ஜினியர் ஆபீசில் வேலை பார்க்கிறேன். கட்டடத்துக்குப் பிளான் போட்டு, அனுமதிக்கு ஆன்லைனில் ஏற்றிக் கொடுப்பது எங்கள் தொழில். பிளான் போடுவது சார். டேப்பின் மறுமுனையைப் பிடிப்பது, பட்டாவை ஸ்கேன் பண்ணுவது, கோபமாக வருகிறவர்களை உட்கார வைத்து டீ சொல்வது எல்லாம் கோகிலாவாகிய நான். மாரமங்கலத்துப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாவது வரைக்கும் படித்தேன். கம்ப்யூட்டர், கல்யாணத்துக்கு அப்புறம் கற்றுக்கொண்டது.

கட்டட அனுமதி என்றால் பெரிய பங்களாக்காரர்களாக வந்து போவார்கள் என்று நினைத்துத்தான் சேர்ந்தேன். வந்ததெல்லாம் ஜீப் ஷெட், விறகு ஷெட், காப்பி ஷெட். பங்களாக்காரர்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ஷெட்காரர்கள்தான் உட்கார்ந்து சண்டை போடுவார்கள். எனக்குப் பிடித்ததும் அவர்களைத்தான்.

காப்பி வாசத்தோடு வந்த நோட்டீசு

மஞ்சக்குட்டை ஜெயராணி அக்கா உள்ளே வந்தால் ஆபீஸ் முழுக்க வறுத்த காப்பிக்கொட்டை வாசம் வரும். வீட்டுக்குப் பின்னால் தகர ஷெட் போட்டு, அதில் கொட்டையை வறுத்து அரைத்துப் பாக்கெட் போட்டு, ஏரிப் பக்கத்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அக்கம்பக்கத்துப் பெண்கள் சிலரும் கூட வேலை செய்கிறார்கள். மே மாதச் சீசனில் டூரிஸ்ட்டுகள் வாங்கிப் போகிற பொடிதான் அவர்கள் எல்லாருக்கும் வருஷம் முழுக்க வயிற்றைக் கழுவுகிறது. அந்த அக்கா ஒருநாள் ஒரு நோட்டீசைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். அனுமதி இல்லாமல் கட்டியிருக்கிறீர்கள், பக்கத்து எல்லையை ஒட்டிக் கட்டியிருக்கிறீர்கள், கெடுவுக்குள் சரிசெய்து அனுமதி வாங்குங்கள், இல்லையென்றால் இடித்துவிடுவோம் என்று இருந்தது. சீசன் பக்கத்தில் வந்துவிட்டது. ஷெட் போனால் சீசன் போச்சு.

"தகரந்தானுங்க சார். செங்கல்லு ஒண்ணுகூட வெக்கலீங்களே" என்றார் அக்கா. தகரமும் கட்டடக் கணக்கில்தான் வரும், அதிலும் மலையில் சரிவு, மண், தண்ணீர் ஓடுகிற வழி எல்லாம் பார்த்துத்தான் விடுவார்கள் என்று சார் பொறுமையாக விளக்கினார். அக்காவின் கவனம் விளக்கத்தில் இல்லை. புகார் எழுதிப்போட்டது யார் என்பதில்தான் இருந்தது. அதில் ரகசியமும் இல்லை. பக்கத்து வீட்டுப் பொன்னுசாமி அண்ணன்தான். காப்பியும் மிளகும் வைத்திருக்கிற விவசாயி. முன்பெல்லாம் இரண்டு வீட்டுக்கும் நடுவே குழம்புக் கிண்ணம் போய்வந்துகொண்டிருந்ததாம். ஷெட் வந்த பிறகு, மழை பெய்தால் கூரைத் தண்ணீர் மொத்தமும் அவருடைய மிளகுக் கொடியின் வேரில் போய் விழ, கிண்ணமும் நின்றது, பேச்சும் நின்றது.

அக்கா டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏங்கண்ணு, மழ பேஞ்சா தண்ணி கீழதானே போகும்? அதுக்கும் நான் அனுமதி வாங்கோணுமா?"

பாத்ரூம் கேட்ட கார்

அக்காவின் வேலையைக் கையில் எடுத்த அதே வாரம், சேலத்திலிருந்து ஒருவர் வந்தார். மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் இடம் வாங்கியிருக்கிறார். "பெருசா ஒண்ணும் இல்லம்மா. சின்னதா ஒரு கார் ஷெட்" என்று அவரே ஒரு பேப்பரில் வரைந்துகொண்டும் வந்திருந்தார். பள்ளத்தாக்கைப் பார்த்து ஒரு பெரிய ஜன்னல், ஓரத்தில் ஒரு பாத்ரூம், மூலையில் ஒரு சமையல் மேடை. இடத்தைப் பார்க்கப் போனோம். ரோட்டிலிருந்து அங்கே இறங்குவதற்குக் கல் படிக்கட்டு மட்டும்தான் இருந்தது. எனக்கே இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் இறங்க முடிந்தது.

"காரு எப்படிங்க சார் எறங்கும்?" என்று கேட்டேன். பிற்பாடு ரோடு வரும் என்றார். பாத்ரூம் எதற்கு என்று கேட்டேன். "காரைக் கழுவ வேண்டாமா?" என்றார். சமையல் மேடை எதற்கு என்றதற்குக் கொஞ்சம் யோசித்து, "டிரைவருக்குப் பசிக்கும்ல" என்றார். ஜன்னலைப் பற்றி நான் கேட்கவில்லை. பாவம், ஏற்கெனவே கஷ்டப்பட்டுத்தான் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் சார் பேனாவை மூடிச் சட்டைப் பையில் குத்திக்கொண்டே சொன்னார்: "சனி ஞாயித்துக்கு மட்டும் வந்து தங்கி, விடிஞ்சதும் காப்பி கேக்குற காரை நாங்க ஹோம்ஸ்டேன்னு சொல்லுவோம் சார். அதுக்கு வேற அப்ளிகேஷன்."

ஒரே டேப், ரெண்டு திருட்டு

ஜெயராணி அக்கா இடத்தை அளக்கப் போன நாள் இருக்கிறதே, அதை என்னால் மறக்க முடியாது. நாங்கள் ஜீப்பை விட்டு இறங்கும்போதே வேலிக்கு இந்தப் பக்கம் அக்காவும் அந்தப் பக்கம் பொன்னுசாமி அண்ணனும் தயாராக நின்றார்கள். எங்களுக்கு முன்னாலேயே இருவரும் அளந்து முடித்திருந்தார்கள். "சாருங்க, இந்தம்மா எல்லைக்கல்லப் புடுங்கி எம்பட பக்கம் நட்டிருக்குதுங்க" என்று அண்ணன் ஆரம்பித்தார். அக்கா நிலத்தை அவர் கல்லுக்குக் கல் அளந்து பார்த்தாராம். பத்திரத்தில் இருப்பதைவிட மூன்றடி கூட வந்ததாம். "அந்த மூணடி வானத்துலிருந்தா வந்துச்சு? எம்படதுதானுங்க!" அக்கா விடுவாரா? அவரும் அண்ணன் நிலத்தைக் கல்லுக்குக் கல் அளந்து வைத்திருந்தார். அதிலும் கூடத்தான் வந்தது. "அவுரு நெலத்துல நாலடி ஜாஸ்தி இருக்குதுங்க சார். யாரூட்டு நாலடின்னு கேளுங்க!" இரண்டு நிலமும் பத்திரத்தைவிடப் பெரிதாக இருந்தன. இரண்டு பேரும் தங்கள் நிலம் பறிபோனதாகச் சத்தியம் பண்ணினார்கள். இப்படி ஒரு தகராறைக் கீழே சேலத்தில் பார்க்க முடியாது.

விஷயம் இவ்வளவுதான். இரண்டு பேரும் டேப்பைத் தரையோடு தரையாகப் போட்டு அளந்திருக்கிறார்கள். எங்கள் மலையில் தரை படுத்துக் கிடக்காது, சாய்ந்து கிடக்கும். சர்க்கார் அளவோ டேப்பை மட்டமாகப் பிடித்து அளந்தது. சரிவைத் தொட்டுக்கொண்டே அளந்தால் அடி கூடத்தான் வரும். மேட்டில் சார் டேப்பைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ள, பள்ளத்தில் நான் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அதிலிருந்து தூக்குக்குண்டைக் கீழே தொங்கவிட்டேன். அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி அளந்துகொண்டு வந்தோம். பத்திரத்தில் என்ன இருந்ததோ அதுவே வந்தது. கல்லும் நட்ட இடத்தில்தான் இருந்தது.

யாரும் யாரிடமும் திருடவில்லை என்று தெரிந்ததும் இருவர் முகமும் வாடிப்போய்விட்டது. ஆனால் ஷெட் எல்லைக் கோட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நிற்கிறது, அனுமதி வேண்டுமென்றால் மூன்றடி உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்பதும் அதே அளவில் தெரிந்துபோனது. அக்கா அப்படியே வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். பொன்னுசாமி அண்ணன் மட்டும் மனசு ஆறாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கண்ணு, டேப்ப இன்னுங் கொஞ்சம் மேல தூக்கிப் புடி. எம்பட மூணடி எங்கியாச்சும் தட்டுப்படுதான்னு பாக்கலாம்."

பட்டுப்புடவையில் ஒரு காலி இடம்

ஆன்லைனில் ஏற்றும்போது, கட்டப்போகிற இடத்தின் போட்டோவும் வேண்டும். இதைப்போலச் சுலபமான வேலை கிடையாது என்று நினைத்திருந்தேன். மாரமங்கலத்தில் பிக்கப் வண்டிக்கு ஷெட் போடுகிற ஒரு குடும்பம். வீட்டு அம்மாவிடம் போனில், "காலி எடத்த ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கக்கா" என்று சொன்னேன். சாயங்காலம் போட்டோ வந்தது. அம்மா பட்டுப்புடவையில், அய்யா வெள்ளை வேட்டியில், இரண்டு மகள்கள் தலை நிறையப் பூவோடு, மாமியார் நாற்காலியில், காலடியில் நாய். இடம்தான் தெரியவில்லை.

ஆள் இல்லாமல் எடுக்கச் சொன்னேன். ஆள் இல்லாமல் வந்தது. நடுவில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது, பக்கத்தில் வாழையிலையில் தேங்காய் பழம். விளக்கையும் எடுத்துவிடுங்கள் என்றேன். அந்த அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நாங்களும் நிக்கக் கூடாது, வெளக்கும் நிக்கக் கூடாதுன்னா, வெறும் மண்ணப் பாத்து இது எங்க மண்ணுன்னு ஆபீசருக்கு எப்படி கண்ணு தெரியும்?"

எங்கள் வீட்டுச் சட்டம்

என் மகள் நிலா பால்வாடி முடிந்ததும் ஆபீசுக்கு வந்துவிடுவாள். என் மேஜைக்கு அடியில் உட்கார்ந்து பொம்மைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருப்பாள். காது மட்டும் மேஜைக்கு மேலே இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவே தலையணை, போர்வை எல்லாம் வைத்து ஒரு கொட்டாய் கட்டினாள். அவள் அப்பா, அதாவது எங்கள் வீட்டுக்காரர் சரவணன், மஞ்சக்குட்டைக்கு ஷேர் ஜீப் ஓட்டுகிறார். காலை ட்ரிப் முடித்து அலுத்து வந்த மனுஷர் அந்தக் கொட்டாய்க்குப் பக்கத்திலேயே தரையில் சாய்ந்துவிட்டார்.

அவரை எழுப்பிப் பட்டா கேட்டிருக்கிறாள். அவர் கண்ணைத் திறக்காமலே டிரைவிங் லைசென்சை எடுத்து நீட்டியிருக்கிறார். முன்னால் பின்னால் திருப்பிப் பார்த்து, "இது செல்லாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள். நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு எங்கள் சார் குரலிலேயே சொன்னாள்: "அம்மா, அப்பா எல்லைய ஒட்டிப் படுத்திருக்காரு. மூணடி தள்ளிப் படுக்கச் சொல்லுங்க."

பிரிச்சா பிஞ்சுரும்

ஜெயராணி அக்காவுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. எல்லையிலிருந்து மூன்றடி தள்ளி, தெற்கே பார்த்த கதவோடு, கூரை ஓரத்தில் பைப் வைத்து மழைத் தண்ணீரைத் தன் பக்கத்துத் தொட்டியிலேயே விடுகிற மாதிரி சார் பிளான் போட்டிருந்தார். இனி பழைய இடத்தில் இருக்கிற ஷெட்டை எடுத்துவிட்டுப் புதிய இடத்தில் போட வேண்டும். திங்கட்கிழமை பார்வையிட ஆள் வருவார்கள். எல்லையோரம் மூன்றடி காலியாக இருந்தால் நோட்டீசு முடிந்துபோகும்.

நான் ஸ்வீட்டே வாங்கிவிட்டேன். அக்கா முகத்தில் சிரிப்பில்லை. மேஸ்திரி வந்து பார்த்தாராம். போல்ட்டெல்லாம் துருப்பிடித்துவிட்டது, பிரித்தால் தகரம் கிழியும், பைப்பும் பாதி தேறாது, புதிதாக வாங்கி ஏற்றி முடிப்பதற்குள் சீசன் கூட்டம் மலை இறங்கிவிடும் என்று சொல்லிவிட்டாராம். அந்த வருஷத்துக் கொட்டையெல்லாம் வாங்கி மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தார். கூட வேலை செய்கிற பெண்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறதுக்குள் பையும் செருப்பும் வாங்க இதையே நம்பி உட்கார்ந்திருந்தார்கள். சார் பிளானையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைக் கூட்டிப்போக வந்த எங்கள் வீட்டுக்காரர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். சேர்வராயன் கோயில் திருவிழாவில் சாமி தூக்குகிற செட்டில் அவரும் ஒருவர். வாசல்படியில் இருந்தபடியே தோளைத் தடவிக்கொண்டு சொன்னார்: "எதுக்குங்க்கா பிரிக்கறீங்க? சாமியவே தோள்ல வெச்சு மேட்டுல ஏத்துறோம். இந்தத் தகரத்த மூணடி ஏத்த மாட்டமா?"

ஹோல்டான்!

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஜெயராணி அக்காவின் தம்பி அந்தோணி, மாதா கோயில் தேர் தூக்குகிற பையன்களோடு வந்துவிட்டான். எங்கள் வீட்டுக்காரர் தன் ஆட்களை ஜீப்பில் அடைத்துக்கொண்டு வந்தார். வறுக்கிற மெஷினும் மூட்டைகளும் முதலிலேயே வெளியே போயாச்சு. மூன்றடி தள்ளி, பழைய ஷெட்டுக்குப் பாதி உள்ளேயும் மீதி வெளியேயுமாகப் போட்ட கான்கிரீட் மேடை காய்ந்துபோயிருந்தது. வெல்டிங் பண்ணுகிறவர் பைப்புகளைத் தரை மட்டத்தில் அறுத்துவிட்டார். ஆடாமல் இருக்கச் சவுக்குக் கம்புகளைக் குறுக்கே வைத்துக் கட்டினார்கள். சார் கையில் பிளானைச் சுருட்டி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். "இந்த மாதிரி எந்தப் பிளான்லயும் நான் பாத்ததில்ல கோகிலா" என்றார். தகரம் மடங்கி விழுந்தால் ஷெட்டும் போச்சு, எங்கள் வீட்டுக்காரர் பேரும் போச்சு. அக்கா ஜெபமாலையைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். கூட வேலை செய்கிற பெண்கள் மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

முன்பக்கம் அந்தோணி செட், பின்பக்கம் எங்கள் வீட்டுக்காரர் செட். "கோவிந்தா!" என்று பின்னால் குரல் கொடுத்ததும் தூக்கிவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரே ஆச்சரியம், ஷெட் ஏதோ கொசுவலை மாதிரி எழுந்து நின்றது. அங்கேதான் வந்தது வினை. மாதா கோயில் தேர் கொஞ்ச தூரம் போகும், நிற்கும், ஜெபம் சொல்வார்கள், மறுபடி போகும். சேர்வராயன் சாமியைத் தூக்கினால் மேட்டில் எங்கேயும் நிற்கக் கூடாது, நின்றால் மறுபடி ஏற்ற முடியாது. இரண்டு செட்டும் பழக்கப்படியே பண்ணினார்கள். ஒரு எட்டு வைத்ததும் அந்தோணி ஆட்கள் பக்தியோடு நின்றுவிட்டார்கள். பின்னால் இருந்தவர்கள் நிற்காமல் தள்ளிக்கொண்டு போனார்கள். ஷெட் நேராகப் போகாமல் திரும்ப ஆரம்பித்தது. கதவு மெல்ல மெல்லப் பொன்னுசாமி அண்ணன் வீட்டைப் பார்த்துத் திரும்பியது. "கதவு! கதவு! பிளான்ல தெக்கய்யா!" என்று சார் கத்தினார். "ஏன்டா நின்னீங்க?" என்று பின்னாலிருந்து கேட்க, "ஏன் மாமா நிக்கலீங்க?" என்று முன்னாலிருந்து கேட்க, தகரம் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு விசில் வந்தது. காலையிலிருந்து மிளகுக் கொடியைப் பார்க்கிற மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருந்த பொன்னுசாமி அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. இரண்டு விரலை வாயில் வைத்து இன்னொரு விசில் அடித்துவிட்டு, "ஹோல்டான்!" என்று ஒரே சத்தம். இரண்டு செட்டும் அப்படியே நின்றது. கோயில் எதுவானால் என்ன, எல்லாரும் ஏறி இறங்குவது ஒரே பஸ்தானே. அண்ணன் வேலியைத் தாண்டி வந்து கண்டக்டர் மாதிரி பக்கவாட்டில் நின்றுகொண்டார். "முன்னால இருக்கறவங்க மட்டும் ரிவர்ஸ் வாங்க... வரலாம், வரலாம், ஹோல்டான்! இப்ப ரெண்டு பேரும்... போலாம் ரைட்!" கதவு தெற்கே திரும்பியது. அடுத்த "போலாம் ரைட்"டுக்கு ஒரு எட்டு. அதற்கடுத்ததற்கு இன்னொன்று. கடைசி விசிலுக்கு ஷெட் புது மேடையில் உட்கார்ந்தது. சார் ஓடிப்போய் டேப்பை வைத்துப் பார்த்தார், கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார். அக்கா அழுதாரா சிரித்தாரா என்று எனக்குத் தெரியவில்லை, பெண்கள் எல்லாரும் அவரைக் கட்டிக்கொண்டதில் முகம் தெரியவில்லை. அந்தோணி பொன்னுசாமி அண்ணனைப் பார்த்து, "டிக்கெட் எடுக்கலீங் மாமா, எறக்கி விட்டுராதீங்க" என்றான்.

அந்தச் சிரிப்பு அடங்கின பிறகுதான் எல்லாரும் பழைய இடத்தைப் பார்த்தோம். ஷெட் போனதும் அங்கே வெளிச்சம் வந்திருந்தது. இத்தனை நாளும் ஷெட்டின் முதுகும் அவரைக் கொடியும் மறைத்துக்கொண்டிருந்த பொன்னுசாமி அண்ணனின் ஆட்டுக் கொட்டாய் இப்போது முழுசாகத் தெரிந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் நேராக ஒரு கயிறு பிடித்தால், ஷெட்டின் மூலை முடிந்த இடத்துக்கு அப்பால், அதன் இரண்டு கால்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம், அக்கா நிலத்தில், நன்றாக ஊன்றி நின்றன. உள்ளே ஆடுகள் அசைபோட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தன. சார் டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார். நான் வானத்தைப் பார்த்தேன். அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கால்களைப் பார்த்தார், அப்புறம் பொன்னுசாமி அண்ணனைப் பார்த்தார், ஒன்றுமே பார்க்காதவர் மாதிரி உள்ளே போய், புது மேடைமேல் அடுப்பை வைத்து முதல் காப்பியைப் போட்டு, முதல் டம்ளரை அவர் கையில் கொடுத்தார்.

நானும் எத்தனையோ அனுமதி வாங்கிக் கொடுத்துவிட்டேன், சட்டம் கேட்கிற மூன்றடியை விட்டுவிட்டால் மனுஷர்கள் தானாகவே கிட்டே வந்துவிடுகிறார்கள்.

அண்ணன் காப்பியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு, தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரரிடமும் அந்தோணியிடமும் வந்து, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஏனுங்க, கை ஓஞ்சு போகலீன்னா, எம்பட ஆட்டுக் கொட்டாயையும் ஒரு ரெண்டடி அக்கட்டால வெச்சுக் குடுத்துட்டுப் போயிருங்களேன். ஆட்டையெல்லாம் அவுக்க வேண்டாங்க. அது பாட்டுக்கு உள்ளயே நடந்து வந்துரும்."